நந்தம்பாக்கத்தில் மூன்று நாள்

ஜனவரி 31, 2025, வெள்ளி. ஆம்பூர்

டீக்கடையில் இன்று இரண்டு பேச்சு. ஒன்று, நாளை சென்னை நந்தம்பாக்கத்தில் தொடங்கும் சர்வதேசத் தோல் கண்காட்சி. இன்னொன்று, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் கெட்ட பாலாறு பற்றிய வழக்கில் நேற்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீடு, அந்தத் தொகையை ஆற்றைக் கெடுத்தவர்களிடமே வசூலிப்பது, கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு.

இதே வட்டாரத்து டேனரிகள்மேல் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன தீர்ப்பு ஏற்கெனவே சட்டப் பாடத்தில் இருக்கிறது. வேலூர் என்றால் சட்ட மாணவர்களுக்குக் கோட்டை நினைவுக்கு வராது, அந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கும் அந்த வழக்குதான் வரும். ஆனாலும் டீக்கடையில் கண்காட்சிப் பேச்சே ஜெயித்தது.

பிப்ரவரி 1, சனி. நந்தம்பாக்கம்

ஏலகிரி எக்ஸ்பிரஸில் தெரிந்த முகங்கள் நிறைய. அரங்கில் நுழைந்ததும் எல்லா ஸ்டாலிலும் ஒரே கேள்வி: "எத்தனை டிரம் ஓடுது சார்?" தோல் பதனிடும் டிரம் என்னிடம் இல்லை, இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவன் என்றேன். நீட்டிய கேட்டலாக்கை ஒருவர் பக்குவமாகத் திரும்ப அடுக்கில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குமேல் யாரும் மெஷினைப் பார்க்கவில்லை, செல்போனில் பட்ஜெட். காலணி, தோல் துறைக்குத் தனித் திட்டம், 22 லட்சம் பேருக்கு வேலை என்றார் நிதியமைச்சர். குரோமியத்தில் பதனிட்டு ஈரமாகவே இருக்கும் வெட் புளூ தோலுக்கு இறக்குமதி வரி இல்லை. கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியும் போயிற்று. கிரஸ்ட் என்பது பதனிட்டுக் காயவைத்து, மேற்பூச்சு மட்டும் பாக்கியிருக்கும் தோல். சிறு டேனரிக்காரருக்கு இது நல்ல நாள். ஷூ கம்பெனிக்காரர் கணக்கு வேறு: நல்ல தோல் கப்பலேறிவிட்டால் நமக்கு மிஞ்சுவது எது?

பிப்ரவரி 2, ஞாயிறு

கட்டிங் மெஷின் முன்னால்தான் இன்றைய பொழுதில் பாதி போயிற்று. மேசைமேல் தோலை விரித்தார்கள். மேலிருந்து கேமரா படமெடுத்தது. ஷூவின் பாகங்கள் வெளிச்சக் கோடுகளாகத் தோல்மேல் விழுந்து, இடம் மாறி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. பிறகு கத்தி இறங்கியது. பாகங்களை வெட்டும் அச்சான டை அடிக்கும் செலவில்லை. மாடல் மாறினால் ஃபைலை மாற்றினால் போதும்.

பக்கத்தில் பேரணாம்பட்டுக் கட்டிங் மாஸ்டர் ஒருவர் நின்றிருந்தார். "எப்படி பாய்?" என்றேன்.

"வேகம்தான் தம்பி. ஆனா முதுகுப் பக்கம் இறுக்கம், வயித்துப் பக்கம் தொளதொள. முன்பக்கப் பீஸை முதுகுலதான் வெட்டணும், நாக்கை வயித்துல எடுத்துக்கலாம். இழுவை எந்தப் பக்கம்னு கையால இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

விற்பனையாளர் மறுக்கவில்லை. உண்ணி கடித்த தழும்பையும் முள் கிழித்த கோட்டையும் ஓர் ஆள் முதலில் பார்த்துக் குறித்துத் தர வேண்டும் என்றார். மெஷின் அதைத் தவிர்த்து அடுக்கும். ஆக, மாஸ்டரின் கண் இன்னமும் வேண்டும். சம்பளம் மட்டும் பட்டன் அழுத்துபவர் சம்பளமாக இறங்கிவிடும் என்பது என் சந்தேகம். பாயிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

பிப்ரவரி 3, திங்கள்

1948-ல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமான சி.எல்.ஆர்.ஐ.யின் நீரில்லாக் குரோம் பதனீடு பற்றி இன்று விசாரித்தேன். வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தோல் ஏற்காது. அது கழிவுநீரோடு போகும். இந்த முறையில் அந்தக் கட்டத்தில் கழிவுநீரே இல்லை, குரோமியமும் மிச்சம். இந்த மூன்று நாளில் ஆம்பூருக்கு உண்மையில் வேண்டிய சரக்கு இதுதான் என்று தோன்றியது. கூட்டமோ கலர் ஷேடுகள் பக்கம்.

கழிவுப் பிரச்சினை இதோடு தீரவும் தீராது. அழுகாமலிருக்க உப்புப் போட்ட தோல் ஊறவைக்கும்போதே உப்பைத் தண்ணீரில் கக்கிவிடுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வைத்து, ஆவியாக்கித் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். மிஞ்சும் கலப்பு உப்பை விற்பது கடினம், கொட்டவும் கூடாது. சேறு இன்னொரு தலைவலி. ராணிப்பேட்டையில் சேறு தேக்கிய தொட்டிச் சுவர் உடைந்து, அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தது 2015 ஜனவரி 31-ல். போன வெள்ளியோடு பத்து வருடம். அரங்கில் யாரும் அதைப் பேசிக் கேட்கவில்லை.

வாசலில் வாணியம்பாடி டேனரிக்காரர் ஒருவர். தோல் அளக்கும் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்த சந்தோஷம். பாலாறு தீர்ப்பு என்ன ஆகும் பாய் என்றேன்.

"அசோசியேஷன்ல பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் இடமிருக்கிறது, சென்ட்ரலுக்கு வருகிறாயா என்று கேட்டார்.