சுசீலா ராமனும் நகுமோமுவும்

நேத்து ராத்திரி நோபல் பார்க் ரூம்ல அசைன்மெண்ட்டை மூடி வெச்சுட்டு சுசீலா ராமனோட 'சால்ட் ரெயின்' கேட்டேன். 2001ல் வந்து மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரையான ஆல்பம்.

லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். சின்ன வயசில் கர்நாடக சங்கீதம், அப்புறம் சிட்னியில் ராக் பேண்ட், 1995ல் இந்தியா போய் மறுபடியும் பாட்டு கிளாஸ்!

ஆல்பத்தில் தியாகராஜரின் 'நகுமோமு'வும் இருக்கு. கச்சேரி ஆபேரி இல்லைதான். என் பாட்டி கேட்டிருந்தா எழுந்து போயிருப்பாங்க. எனக்குப் பிடிச்சிருந்தது.

நான் ப்ளஸ் ஒன்ல கிளாஸை விட்டவன். நோட்டுகூட ஊர்லதான் கிடக்கு. ஆனா வாய் தானா கூடவே பாடிச்சு. பாதியில் அடுத்த வரி மறந்துபோச்சு. உடனே அம்மாவுக்கு போன். குக்கர் விசிலுக்கு நடுவுல பாடிக் காட்டினாங்க.