அக்கரைக்குப் போகுமுன்

காரைக்காலில் எங்கள் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் வெளிநாட்டுப் பயணம் இரண்டு விதம். துபாய், சிங்கப்பூர், பிரான்ஸ் என்று விமானம் ஏறுவது ஒன்று. அதற்குத் தெருவே கூடி வழியனுப்பும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவது மற்றொன்று. அதற்குத் தெருவே கூடி அழும். இந்த இரண்டிலும் சேராமல், நாகப்பட்டினத்தில் கப்பலேறி யாழ்ப்பாணம் பார்த்து வரலாம் என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, அங்க போனா நம்மளப் பிடிக்க மாட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

அதே கடல்தான், ஆனால் பாஸ்போர்ட்டோடு போனால் முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள் என்று விளக்கினேன். அப்போதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. பெட்டியை ஒரு ராத்திரியில் கட்டிவிடலாம். பிள்ளையைத் தயார்படுத்த மாதக்கணக்கில் ஆகும்.

என் சிறுவயதில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக் கரைக்கு வராது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். தகரப் பெட்டியோடு படகில் போய்த்தான் ஏற வேண்டும். கூடப் போகிற பையனுக்குப் பெரியவர்கள் சொல்வது ஒன்றே: "மாமா கையை விடாதே." இன்றைக்கு அது போதாது. கையை விட வேண்டிவந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

முதலில் நாள் குறிக்கும் வேலையைப் பேத்தியிடமே கொடுத்தேன். 2023 அக்டோபர் 14-இல் 'செரியபாணி' கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கிளம்பி, சில நாட்களிலேயே மழைக்காலம் என்று நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணி நேரப் பயணம். வாடைக்காலத்தில் இந்தக் கடல் கப்பலுக்கு இடம் கொடுக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எனக்கும் வேலை இருக்காது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். இதையெல்லாம் சொல்லிக் காலண்டரைக் கையில் கொடுத்தேன். "மே மாசம்" என்று அவளே சொன்னாள்.

அடுத்தது காகிதங்கள். சிறுபிள்ளைகளின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுக்கோ 18 வயது வரைக்கோ, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். விண்ணப்பத்தில் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். நமக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பள்ளியில் வேறொரு ஸ்பெல்லிங் என்று கிடக்கும். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து அவளையே ஒப்பிடச் சொன்னேன். டிக்கெட்டிலும் அதே பெயர் வரவேண்டும். அப்பா அம்மா கூட வராததால், அவர்கள் கையெழுத்தும் போன் நம்பரும் உள்ள சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டையும் சேர்த்து வைத்தோம். கேட்கிற அதிகாரியிடம் "நான் இவள் தாத்தா" என்ற வாய்வார்த்தை செல்லாது.

அடுத்தது, கையை விட வேண்டிவந்தால் என்ன செய்வது என்ற பாடம். அவள் பாஸ்போர்ட் அவள் பையில்தான் இருக்கும். அம்மாவின் நம்பர் போனில் இருந்தால் போதாது, மனப்பாடமாக வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சீருடைக்காரரிடம் மட்டும் கேட்க வேண்டும். என் பிரஷர் மாத்திரையின் பெயரும் வேளையும் அவளுக்குத் தெரியும், டாக்டர் சீட்டின் நகலும் அவளிடம் இருக்கிறது. போகிற இடத்தில் எனக்கு ஏதாவது ஆனால் அவள்தான் பெரியவள். ஐஸ், டீசல், தண்ணீர் என்று எல்லாவற்றையும் கரையிலேயே ஏற்றிவிட்டுத்தானே படகை எடுக்கிறோம்? பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் அப்படித்தான்.

செலவுக் கணக்கும் அவள் பொறுப்பு. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். விலையைக் கேட்டு மலைக்காமல் வகுத்துப் பார்க்கப் பழக்கினேன்.

எல்லாவற்றிலும் கடினம், மனசைத் தயார்படுத்துவது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் கோடு கிழித்த கதையை இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்கின்றன. 2025 ஜனவரி 28-இல் நெடுந்தீவு அருகே காரைக்கால் படகில் இருந்த 13 பேரைப் பிடிக்கும்போது கடற்படை சுட்டதும், காயம்பட்டவர்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது அக்கரையின் கதை. இலங்கை உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்த பிறகுதான் வடக்கு மீனவர்கள் மறுபடி நிம்மதியாகக் கடலுக்குப் போனார்கள். போனவர்களின் வலைகளை நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் அறுத்துக்கொண்டு போவதாக அவர்கள் குமுறுகிறார்கள். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடை செய்தது. இதையும் மறைக்காமல் சொன்னேன். "அங்கயும் உன் வயசுப் பிள்ளை இருக்கும். அதோட அப்பா வலை இல்லாம கரைக்கு வந்த கதையைச் சொன்னா, குறுக்க பேசாம கேளு" என்றேன்.

யாழ்ப்பாணத்து நல்லூர் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது போன்ற வழக்கங்களைப் போன இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், அதில் 97,000 நூல்கள் போனதையும், கட்டடம் மறுபடி எழுந்ததையும் வாசலில் போய் நிற்குமுன்பே பிள்ளை தெரிந்திருக்க வேண்டும். போரில் யாரை இழந்தீர்கள் என்று தானாகக் கேட்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்கலாம் என்பதையும் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

காற்று மாறினால் கப்பல் ஓடாது. டிக்கெட் கையில் இருந்தும் வீடு திரும்ப வேண்டியிருக்கும். அப்போதும் இந்தப் பாடெல்லாம் வீண் இல்லை. தன் காகிதத்தைத் தானே படிக்கவும், தாத்தாவின் மாத்திரையை நினைவில் வைக்கவும், எதிர்ப்பக்க நியாயத்தைக் காதுகொடுத்துக் கேட்கவும் ஒரு பிள்ளை பழகியிருக்கிறாள். பேரப்பிள்ளைகளோடு கிளம்பும் பெரியவர்கள், பெட்டிக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.