ஓலையும் தாளமும்

பொழுதுபோக்கு என்னுஞ் சொல் தமிழில் மிக இலேசாக வழங்கப்பட்டு வருகின்றது. பொழுது தானாகவே போய்விடுவது. அதனைப் போக்குவதற்கு எவரும் முயலவேண்டியதில்லை. ஆயினும், பிழைப்புக்கான கடமைகளை முடித்தபின் எஞ்சும் நேரத்தில் ஒருவர் தாமாக விரும்பி எதனைச் செய்கின்றார் என்பது அவரைப்பற்றிப் பல செய்திகளை உணர்த்துவதாகும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரின் அன்றாட வாழ்வு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பனையோலைப் பெட்டி இழைப்பதும் தவில் கேட்பதும் அவரது பொழுதுபோக்குகள். அவ்விரண்டினாலும் அவர் அடைந்த இன்பம் பெரிது. அவற்றுள் ஒன்றினால் அவருக்கு நேர்ந்த மனச் சங்கடமும் சிறிதன்று.

விடியற்காலை நான்கரை மணிக்கே அவர் எழுந்துவிடுவார். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து, ஒரு பேணி தேநீருடன் விறாந்தையில் அமர்ந்தால் வெயில் ஏறும்வரை அவரது கைகள் ஓயா. அந்த நேரத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உச்சி வெயிலில் ஓலை முறுகி ஒடியும். இரவுப் பனியை வாங்கிய ஓலையோ கைக்கு இசைந்து மடியும். பகல் முழுவதும் வீட்டு வேலைகளும், மாலையில் அயற்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கும் அவரது நேரத்தை எடுத்துக்கொள்ளும். விளக்கேற்றிய பின்னர், ஈரத்துணியிற் சுற்றிவைத்த ஓலைகளை மீண்டும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அப்போது தவிலொலியும் உடனிருக்கும்.

ஓலை வேலையை அறியாதார் அதனை எளிதென எண்ணுவர். பனையின் உச்சியில் விரியாதிருக்கும் குருத்தோலையே பெட்டிக்கு உரியது. அதனை வெட்டுவிப்பதற்கே இக்காலத்தில் ஆளைத் தேடி அலையவேண்டியுள்ளது, மரமேறுவோர் அருகிவிட்டனர். போர்க்காலத்திற் காப்பரண்களுக்காக வெட்டப்பட்ட பனைகளோ கணக்கில. இறக்கிய குருத்தைப் பிரித்து, வெயிலிற் காயவைத்து வெளுக்கச் செய்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்தெடுத்தல் வேண்டும். சாயமிட வேண்டியவற்றைக் கொதிக்கும் சாயநீரில் அமிழ்த்தி மீண்டும் உலர்த்துதல் வேண்டும். இத்தனையும் முடிந்த பின்னரே இழைப்புத் தொடங்குகின்றது. வார்ந்த ஓலைகளின் அகலம் ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபட்டாலும் பெட்டியின் வாய் கோணிவிடும். இழைக்கும் நேரத்தினும் ஓலையைப் பதப்படுத்தும் நேரமே அதிகம் என்பது அவர் அனுபவத்திற் கண்ட உண்மை.

இக்கலை அவருக்குத் தாய்வழி வந்ததன்று. அவருடைய இளமையிற் கடகமும், சுளகும், நீத்துப்பெட்டியும், தடுக்கும் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் இருந்ததில்லை. எனினும் அவற்றைப் பாவிக்கும் கைகளும் இழைக்கும் கைகளும் வெவ்வேறாகவே இருந்தன. படித்து உத்தியோகம் பார்க்க வேண்டிய பிள்ளை ஓலையுடன் மினைக்கெடுவதை அவரது தாயார் விரும்பவில்லை. பெட்டி இழைத்தல் இல்லாதவர்கள் செய்யும் வேலை என்னும் எண்ணம் அன்றைய நடுத்தரக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தின் அடியிற் சாதியும் இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அந்த வேலியை உடைத்தது 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வு. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் திரள்திரளாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவரும் நடந்தார். பாடசாலை மண்டபமொன்றில் நான்கு குடும்பங்களுக்கு இடையே ஒரு சேலையே சுவராகத் தொங்கியது. சேலைக்கு அப்பால் இருந்தவர், ஊரில் அவருக்கு மூன்று வீடு தள்ளி வாழ்ந்த ஒரு பெண்மணி. பெட்டி இழைத்து விற்றே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ஊரில் இருவரும் பேசிக்கொண்டது வேலிப் பொட்டுக்கூடாக மட்டுமே. அங்கோ வேலி இல்லை. அப்பெண்மணி கிடைத்த ஓலையில் ஏதோ ஒன்றை இழைத்தவண்ணமே இருப்பார். அதைப் பல நாள் பார்த்திருந்த ஆசிரியை, “அக்கா, எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்கோவன்” என்று கேட்டார். “உங்கடை கைக்கு இது ஏன் ரீச்சர்?” என்று சிரித்தாராம் மற்றவர். மறுநாளே இரண்டு ஓலையைக் கையிற் கொடுத்துக் குறுக்கும் நெடுக்கும் வைக்கும் முறையைக் காட்டினார். 1996இல் ஊர் திரும்பியபோது ஆசிரியையின் பொதியில் அவர் தம் கையால் இழைத்த கோணற்பெட்டி ஒன்று இருந்தது. இன்றும் அது அவரது சுவாமி அறையில் திருநீற்றுப் பையுடன் இருக்கின்றது.

தவில் கேட்கும் பழக்கம் அதனினும் பழையது. நாதஸ்வரமும் தவிலும் வளர்ந்த மண் இணுவிலும் அளவெட்டியும். இணுவிலிற் பிறந்து தமிழகத்திலும் புகழ்கொண்ட தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பைச் சிறுமியாய்க் கோயில் வீதி மணலில் இருந்து நேரிற் கேட்ட பேறு ஆசிரியைக்கு வாய்த்திருந்தது. 1975இல் அம்மேதை மறைந்தபோது ஊரே துக்கம் காத்ததை அவர் நினைவுகூர்வதுண்டு. பின்னாளில் தமையனார் தேடிக் கொணர்ந்த ஒலிநாடா ஒன்றே அவ்வீட்டின் செல்வமாயிற்று.

1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கின் சிற்றொளியிற் குடும்பங்கள் உண்டு உறங்கிய காலம் அது. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தால் வானொலி கேட்பது அன்று வீடுதோறும் நிகழ்ந்தது. தமையனார் சுற்ற, ஒலிநாடா பாடும். அவர் கை சோரும்போது நாடாவும் சோரும். துரித காலத்தில் பொழிய வேண்டிய தீர்மானம் முனகலாக இறங்கிப் பின்னர் திடீரென எழும். வீட்டார் சிரிப்பர், தமையனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சுற்றுவார். இடப்பெயர்வில் அந்நாடா தொலைந்தது. பல்லாண்டுகளின் பின் வெளிநாட்டிலிருக்கும் மருமகன் அதே வாசிப்பைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைத்தபோது, ஆசிரியைக்கு முதலில் மகிழ்ச்சியிலும் ஏமாற்றமே மிகுந்தது. தாளம் எங்கும் தளரவில்லை. அவர் காதில் இத்தனை காலமும் இருந்தது தெட்சணாமூர்த்தியின் தவில் மட்டுமன்று, தமையனாரின் கையும் கலந்த ஒலி என்பதை அன்றே உணர்ந்தார். தமையனார் அப்போது உயிருடன் இல்லை.

கணிதம் கற்பித்தவருக்குத் தவிலில் ஈடுபாடு தோன்றுவது வியப்பன்று. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்குள் 7 மாத்திரைச் சொற்கட்டொன்றைத் தொடர்ந்து வாசித்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஓரிடம் விலகி விழும். 56ஆம் மாத்திரை நிறைந்த பின்னரே தாளமும் சொற்கட்டும் ஒருங்கே சமத்தில் வந்து சேரும். தவிலின் இவ்விலகலையும் சேர்தலையும் ஓலையிற் காண அவர் ஆசைப்பட்டார். மூன்று ஓலை எடுத்து நான்கு ஓலை விடும் கோலம் ஒன்றை வகுத்தார். அடிக்கு இருபுறமும் 15 ஓலை வைத்து இழைத்தபோது நாற்புறமும் எழுந்த முனைகள் 60. 60, 7ஆல் மீதியின்றி வகுபடாது. ஆகவே சுற்றி வந்த கோலம் தொடங்கிய இடத்தில் முறிந்தது. ஓலையை 14 ஆக்கினார். முனைகள் 56 ஆயின, கோலம் பொருந்திற்று. அன்று அவர் அடைந்த களிப்பு, வகுப்பில் நெடுநாள் விளங்காத மாணவனுக்குக் கணக்கு விளங்கியபோது அடைந்த களிப்புக்குக் குறைந்ததன்று.

அப்பெட்டியைக் கண்ட அயற்பெண்மணி விரலை ஓலைக்கு அடியிற் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். “வடிவாய்த்தான் இருக்கு ரீச்சர். ஆனா நாலு விட்டா ஓலை கிளம்பும்; அரிசி போட்டா இதுக்குள்ளை கொழுவும். ஓலையை இன்னும் ஒடுக்கி வாருங்கோ. மூலையிலை கோலம் பாராதேங்கோ, பலத்தைப் பாருங்கோ” என்றார். கணக்கினாற் சரியானது கைக்குச் சரியாகிவிடாது என்னும் பாடத்தை ஆசிரியை அன்று மாணவியாக இருந்து கற்றார்.

இவ்வாறு இழைத்தவற்றை அவர் விற்றதில்லை. குடிபூரலுக்கும் பிறந்தநாளுக்கும் அன்பளிப்பாகக் கொடுப்பார். வாங்கியோர் வியந்து பாராட்டுவர். அப்பாராட்டு இனித்தது என்பதை அவரே ஒப்புக்கொள்வார். சில ஆண்டுகளுக்கு முன், பழைய மாணவி ஒருத்தியின் திருமணத்துக்கு வருவோருக்குப் பலகாரம் வைத்துக் கொடுக்கச் சிறுபெட்டிகள் வேண்டுமெனப் பெற்றோர் கேட்டனர். தம் அன்பளிப்பாக 60 பெட்டிகளை இழைத்துத் தருவதாக அவர் மனமுவந்து ஏற்றார். இரண்டு மாதம் காலையும் இரவும் உழைத்துக் கொடுத்தும் முடித்தார். திருமண வீட்டில் அவரது கைவண்ணமே பேச்சாயிற்று.

அடுத்த வாரம் அயற்பெண்மணி வழமைபோல் வந்து விறாந்தைப் படியில் அமர்ந்தார். குறை கூறும் குரலிலன்றி, ஊர்ப்புதினம் சொல்பவர்போல, “அந்தக் கலியாண வீட்டுக்காரர் மூத்தவளின்ரை கலியாணத்துக்கு என்னட்டைத்தான் பெட்டி எடுத்தவை. இந்தமுறையும் வருவினம் எண்டு ஓலை எடுத்துக் காயப்போட்டு வைச்சிருந்தன்” என்றார். சிறிது நேரங் கழித்து, “பரவாயில்லை, ஓலை பழுதாப் போகாது” என்று தாமே முடித்தார்.

அன்றிரவு ஆசிரியை ஓலையைத் தொடவில்லை, தவிலும் கேட்கவில்லை. தமக்கு இக்கலையை உயிர்ப்பிச்சை போலத் தந்தவரின் கைச்சோற்றைத் தம் தாராள மனமே தட்டிவிட்டதை எண்ணி நெடுநேரம் விழித்திருந்தார். சந்தை விலையை ஒரு பெட்டிக்குச் செல்லும் மணித்தியாலங்களால் வகுத்து, ஒரு நாள் உழைப்புக்குரிய வருவாயைக் கணக்கிட்டுப் பார்த்தார். கிடைத்த எண் அரைநாட் கூலிக்கும் எட்டவில்லை. ஓய்வூதியம் பெறுபவர் தம் உழைப்பை இலவசமாக வழங்குமிடத்து, அவ்வுழைப்பையே நம்பி வாழ்பவரின் விலை மேலும் தாழ்கின்றது. கைப்பணிகளைப் பேணுதல்பற்றி மேடைகளிற் பேசுவோர் பலர். அரசு 1978இல் பனை அபிவிருத்திச் சபையையும் நிறுவியது. ஆயினும் ஒரு கைப்பணி பேணப்படுவதற்கு அதனைச் செய்யும் கை பசியாதிருத்தல் வேண்டும். பொழுதுபோக்காக அதனை மேற்கொள்வோரின் ஆர்வம் மட்டும் அதற்குப் போதாது. சில வேளைகளில் அவ்வார்வமே ஊறாகவும் முடியும்.

இழைப்பதை விட்டுவிடுவதே நேர்மை என அவருக்கு முதலில் தோன்றிற்று. அதனைக் கேட்ட அயற்பெண்மணிக்குக் கோபமே வந்தது. “விடுறதுக்கோ நான் பழக்கினனான்? நீங்கள் இழையுங்கோ. கேக்கிற ஆக்களை மட்டும் என்னட்டை அனுப்பிவிடுங்கோ” என்றார். அவ்வொரு வாக்கியத்தில் வழக்குத் தீர்ந்தது. அதன்பின் பெட்டி வேண்டி வருவோரை ஆசிரியை மூன்று வீடு தள்ளி அனுப்புகின்றார்; பேரம் பேசுவோருக்குத் தாம் போட்ட மணிக்கணக்கைச் சொல்லி விலையை ஏற்கச் செய்கின்றார். 7இன் கோலத்தைக் கட்டத்தாளில் வரைந்து கொடுத்துள்ளார். ஓலையை ஒடுக்கி, மூலையை இறுக்கி அப்பெண்மணி இழைக்கும் அப்பெட்டிகளுக்கு இப்போது சாதாரண பெட்டியிலும் கூடிய விலை கிடைக்கின்றது. ஆசிரியை தமக்கென இழைப்பவை ஆண்டுக்குச் சிலவே. வாங்க இயலாத வீடுகளுக்கு அவை செல்கின்றன.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் அவ்விறாந்தையில் மாலைதோறும் இருவரும் ஓலையுடன் இருப்பதைக் காணலாம். ஒருவர் கையிலுள்ளது பிழைப்பு. மற்றவர் கையிலுள்ளது பொழுதுபோக்கு. அவ்வேறுபாட்டை இருவரும் அறிவர். கைத்தொலைபேசியில் தவில் முழங்க, அயற்பெண்மணி தாளத்தைக் கவனியாமல் இழைத்துச் செல்வார். ஆசிரியையோ சமம் வந்து சேரும்வரை ஓலையைப் பிடித்தபடி காத்திருப்பார். அதனால் அவரது பெட்டி எப்போதும் பிந்தியே முடிகின்றது.