முள்ளுக்கு வேறு, பாறைக்கு வேறு

கலேவெல வழியே செல்லும் ஏ6 வீதியோரத்தில் ஆணியும் கம்பித்துண்டும் எப்போதும் கிடக்கும். பஞ்சராகாத ரியூப் தேடுவோர் அஞ்சுவது அவற்றுக்கே. என் மருமகன் பயிலும் 'ட்ரயல்ஸ்' சைக்கிளுக்கோ எதிரி வேறு. கால் ஊன்றாது பாறைக்குப் பாறை தாவும் அவ்விளையாட்டில், பிடிமானத்துக்காகப் பின்சக்கரத்தில் காற்றைக் குறைத்தே வைப்பர். இறங்கும் விசையில் ரயர் நசுங்கும். பாறைக்கும் ரிம்முக்கும் இடையே ரியூப் கடிபட்டு, பாம்பு தீண்டினாற்போல் இரட்டைத் துளை விழும். முள்ளைத் தடுக்கும் உட்பட்டை இதைத் தடுக்காது. வேண்டியவை, பக்கச்சுவர் இரட்டை அடுக்கான 2.5 அங்குல ரயரும் தடித்த ரியூப்பும்தான். பாரம் கூடும், கூடட்டும்.

1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர் நாட்டிய நாடு இது. போர்க்லிப்ட் வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உலகுக்கே அனுப்புகிறது. அவன் கேட்ட ரயரோ ஊர்க் கடைகளில் இல்லை. தருவிக்கும் விலை கேட்டு அவன் தாய் தயங்கினாள்.

"தங்கச்சி, வீதியில் காற்றுப் போனால் உருட்டிக்கொண்டு வரலாம். பாறை உச்சியில் போனால் பிள்ளை விழுந்துவிடுவான்" என்றேன்.

இரண்டுக்கும் பணம் போதாதெனில், முதலில் பின்சக்கரத்துக்கு வாங்குங்கள்.