உளி திரும்பிய இடம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலை இது. சிற்பம் வாங்க வருகிறவர் முதலில் தேடுவது அந்தக் குறியீட்டு முத்திரையைத்தான். சோதிக்கிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதைத்தான். போலி செய்கிறவன் முதலில் நகலெடுப்பது முத்திரையையே. லட்சக்கணக்கில் விலைபோகும் கைப்பைகளிலும் இதே கதை. லூயி விட்டான் நிறுவனம் பைக்குள் பொறித்துவந்த தேதிக் குறியீட்டை 2021-இல் கைவிட்டு, சிப் பொருத்தத் தொடங்கியது. தேர்ந்த கண் அப்போதும் தையலைத்தான் பார்த்தது, இப்போதும் அதைத்தான் பார்க்கிறது. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துக் கையால் போடும் சேணத் தையலில் ஓரிடம் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலுக்கு அந்தக் குணம் கிடையாது.

மரத்தில் அந்தத் தையலுக்கு ஈடானது உளித்தடம். சிற்பத்தின் முகத்தில் அதைத் தேடிப் பயனில்லை. முகம் விற்பனைக்கானது, உப்புத்தாளும் பாலிஷும் அங்கே எல்லாத் தடயத்தையும் தின்றுவிடும். பிள்ளையாரின் தும்பிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள சந்து, காதின் பின்புறம், பீடத்தின் அடி, இங்கெல்லாம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினின் சுழலும் பிட் எவ்வளவு மெல்லியதானாலும் அதன் நுனிக்கு ஒரு வட்டம் உண்டு. அதனால் உள்மூலைகள் பெரும்பாலும் அந்த வட்ட அளவுக்கு மழுங்கியே நிற்கும். பள்ளத்தில் சம இடைவெளியில் மெல்லிய வரிகள் ஓடும். கையால் செதுக்கியதில் இரண்டு உளிவெட்டுகள் கூர்மையாகச் சந்திக்கும். சில இடங்களில் ஒன்று மற்றொன்றைத் தாண்டி மயிரிழை நீண்டிருக்கும். குடைவான வேலைப்பாடு இருந்தாலே கைவேலை என்று சொல்லிவிட முடியாது. பல திசையில் திரும்பும் மெஷின்கள் இன்று குடைவுக்குள்ளும் போகின்றன.

சரி, மெஷினில் எடுத்த பொம்மைமேல் நாலு வெட்டு வெட்டிப் பொய்த்தடம் உண்டாக்கினால்? அங்கேதான் மரத்தின் ரேகை துணைக்கு வருகிறது. ரேகைக்கு எதிராகப் போனால் உளி மரத்தைப் பிய்க்கும். அதனால் சிற்பி அந்த இடத்தில் கையைத் திருப்பி, எதிர்ப்புறத்திலிருந்து செதுக்குவார். ரேகை வளையும் இடமெல்லாம் வெட்டின் திசையும் மாறியிருந்தால் அது மரத்தோடு பேசிச் செய்த வேலை. ஒப்புக்குப் போட்ட வெட்டுகள் ரேகையைக் கவனிக்காமல் அழகுக்காக வரிசையாக நிற்கும். நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். இதை ஏமாற்ற வேண்டுமானால் போலிக்காரன் செதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றபின் போலி செய்வதில் அவனுக்குப் பெரிய லாபம் இருக்காது.

மரத்திலும் புரட்டு உண்டு. தூங்குமூஞ்சி வாகையில் நல்ல சிற்பங்கள் வருகின்றன. அதற்குத் தேக்கு பாலிஷ் போட்டுத் தேக்கு விலை சொன்னால்தான் தப்பு. அடிப்பக்கத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். தேக்கில் துளைகள் வளையத்தை ஒட்டி வரிசைகட்டும், வாகையில் சிதறிக் கிடக்கும். மரத்தூளைப் பசையோடு அச்சில் வார்த்த பொம்மையில் வளையமே இருக்காது, அச்சு சேர்ந்த கோடுதான் இருக்கும். கல்வராயன் மலைக்காட்டில் சந்தனம் உண்டு என்பதால், ‘மலைச் சந்தனம்’ என்று சொன்னால் எளிதில் நம்பத் தோன்றும். சந்தனத்தில் வாசம் வைரத்துக்குள் இருக்கிறது. கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் புதிதாக எழும். எண்ணெய் தடவிய வெள்ளை மரத்தில் மேற்பரப்போடு சரி.

பட்டறைக்காரர்களே மெஷின் வைத்திருக்கிறார்களே, அவர்கள் செய்வதும் போலியா என்று கேட்பார்கள். கட்டையை மெஷினில் உருவெடுத்துக் கண், விரல், நகையைக் கையால் முடித்தால் அதில் குற்றமில்லை. ரம்பத்துக்கும் கடைசலுக்கும் மின்சாரம் வந்தபோது யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை. மறைப்பதுதான் போலி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபோது அதிக விலை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அலங்காரம் மட்டும் போதுமென்றால் மெஷின் பொம்மையே போதும். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மெஷின் விலைக்கு. கைவேலை விலையில் கூலி அடங்கியிருக்கிறது. அந்தக் கூலி வேலை செய்யாத கைக்குப் போனால், உளி பிடித்தவர் தன் விலையைக் குறைத்தாக வேண்டும். புவிசார் குறியீடு இந்தக் கணக்கைத் தனியாகத் தீர்க்காது. அது ஊரையும் மரபையும் காக்கும் சட்ட ஏற்பாடு. ஒவ்வொரு பொம்மையையும் புரட்டிப் பார்க்கும் வேலை வாங்குகிறவருடையது.

அடுத்த முறை வாங்கும்போது, மரம் எது, எந்தப் பகுதி மெஷின், எந்தப் பகுதி கை, செய்தவர் யார் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் மெஷின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.