கொடுக்கும் கையும் உழவாரக் கையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் இங்கு ஏலத்திற்கு வருகிறது. ஆலயங்களின் சர்க்கரைப் பொங்கலில் மணக்கும் அந்த ஏலத்தில், விடியற்காலையில் ஜீப் ஏறித் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

ஜமீன் காலத்தில் அறம் அரண்மனையிலிருந்து வந்தது. திருப்பணியாயினும் குளமாயினும் கொடுப்பவரே தீர்மானிப்பார். பெறுபவர் கைகூப்பி நிற்பார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. பிற்காலத்தில் ஏல விவசாயிகள் சங்கமே போடியில் கல்லூரி ஒன்றை நிறுவியது. விளைவித்தோர் கூடிச் செய்த கல்வி அறம் அது.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, கண்மாய்ப் பணியில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தருவது நெறியாயிற்று. மண் சுமந்தவரும் அங்கே கொடையாளரே.

சைவம் இதனை முன்பே அறிந்திருந்தது. அப்பர் பெருமான் பொற்கிழி ஏந்தி வரவில்லை; உழவாரம் ஏந்தித் திருவீதியில் புல் செதுக்கினார். அத்தொண்டினாலேயே இன்றும் வணங்கப்படுகிறார்.

ஆதலால், செல்வம் உடையோர் ஊருக்கு ஈயும் முன், "உங்களுக்கு எது தேவை?" என்று கேட்பது முறை. அச்சபையில் ஏலம் பறிக்கும் பெண்ணுக்கும் ஓர் இருக்கை வேண்டும். அவள் சொல் ஏறாத அம்பலத்தில் கல்வெட்டில் பெயர் ஏறலாம், அறம் நிறைவதில்லை.