சிறுதேரும் மலைப்பாறையும்

தேர் உருட்டி மகிழ்தல் தமிழ்நாட்டுச் சிறுவர்க்குப் புதியதோர் ஆடல் அன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமே. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரம் பூண்ட சிறுதேரை உருட்டித் திரிந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறும். தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறி ஊர இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே களிக்கும் சிறாரைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாக எடுத்து ஆண்டார். ஏறிச் செல்ல இயலாத வண்டியிலும் ஓர் இன்பம் உண்டு என்பதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

அச்சிறுதேரைச் செய்தவன் தச்சன். அதுபோலவே, இன்று உலகெங்கும் சிறுவர் கையில் தவழும் விளையாட்டுக் கட்டைகளுக்கு மூலவராய் விளங்கியவரும் ஒரு தச்சரே. டென்மார்க்கு நாட்டில் பில்லுண்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஓலே கிர்க் கிறித்தியன்சன் என்பார், 1932ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்கு விளையாடு’ என்னும் பொருள் தரும் டேனிய மொழிச் சொற்கள் இரண்டைச் சுருக்கி, ‘லெகோ’ என்று தம் தொழிலுக்குப் பெயரிட்டார். 1949இல் அந்நிறுவனம் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்யலாயிற்று. மேலே குமிழும் உள்ளே குழாயும் அமைந்து, ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய அமைப்பிற்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ் உடைய ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் என்று கணித அறிஞர் கண்டுள்ளனர். எழுத்துக்கள் சிலவே ஆயினும் அவற்றால் ஆகும் சொற்கள் எண்ணிலவாதல் போன்றதே இதுவும். 1977 முதல் பற்சக்கரங்களும் அச்சுக்களும் கொண்ட கட்டைகள் வந்தன. அதன்பின், வீடு கட்டிய சிறுவர் எந்திரம் கட்டவும் தொடங்கினர்.

பணி ஓய்வு பெற்ற பின்னர் நான் வாழும் ஊர் மாரமங்கலம். அது சேர்வராயன் மலையில், ஏர்க்காடு வட்டத்தைச் சேர்ந்தது. காப்பிச் செடிகளும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் நிறைந்த மலைநாடு இது. என் மகள் வயிற்றுப் பேரன் ஒன்பதாம் வகுப்பில் பயில்கின்றான். சிங்கப்பூரில் வாழும் உறவினர் ஒருவர், தம் மக்கள் ஆடித் தீர்த்த கட்டைகளை ஒரு பெட்டி நிறைய அவனுக்குக் கொடுத்துச் சென்றார். பல நிறுவனத்தார் செய்தவை அதில் கலந்து கிடந்தன. மின்பொறிகள் இரண்டும், மின்கலப் பெட்டி ஒன்றும், தொலைவிலிருந்தே இயக்கும் கருவி ஒன்றும் உடன் இருந்தன. “தாத்தா, பாறைமேல் ஏறும் சரக்கு வண்டி ஒன்றைக் கட்டப் போகிறேன், அது ஏறுவதைப் படம் பிடித்துப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் காட்டப் போகிறேன்” என்றான் அவன்.

மாட்டுவண்டியின் உறுப்புக்களை நான் அவனுக்கு எடுத்துரைத்தேன். சக்கரத்தின் நடுவே உள்ளது குடம். அதிலிருந்து விரிவன ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்வது வட்டை. சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. அவன் தன் பங்கிற்குப் பற்சக்கரத்தின் இயல்பை எனக்கு உரைத்தான். எட்டுப் பல் உடைய சிறு சக்கரம் இருபத்துநான்கு பல் உடைய பெருஞ்சக்கரத்தைச் சுழற்றினால், விரைவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். திருப்பும் ஆற்றலோ மும்மடங்காகும். அவ்வாறே இருமுறை இணைத்தால் ஆற்றல் ஒன்பது மடங்காகும். உராய்வினால் சிறிது குறைவதும் உண்டு. மலையேறும் வண்டிக்கு வேண்டுவது இவ்வாற்றலே. விரைவை விட்டுக் கொடுத்தன்றி அதனைப் பெறுதல் இயலாது. ஒன்றைக் கொடுத்தே ஒன்றைப் பெறலாம் என்னும் உண்மையைச் சிறு சக்கரங்கள் இரண்டும் எத்துணை எளிதாக உணர்த்துகின்றன!

சாலையில் ஓடும் மோட்டார் வண்டி வளைவில் திரும்பும்போது, வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு செல்லவேண்டும். அதற்கென டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி அச்சின் நடுவே அமைக்கப்படுகிறது. ஆயின், பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால், அத்தொகுதி அச்சக்கரத்தையே வீணாகச் சுழற்றும். தரையைப் பற்றிய சக்கரம் நின்றுவிடும். ஆதலால் என் பேரன் அதனை நீக்கி, இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் பிணைத்தான். மேடுபள்ளங்களில் நான்கு சக்கரமும் நிலம் தொடும் வண்ணம், முன் அச்சு இருபுறமும் சாய்ந்து கொடுக்குமாறு அமைத்தான்.

தொலைவிலிருந்து ஓர் ஊர்தியை இயக்கும் கலை நூறாண்டிற்கும் மூத்தது. 1898ஆம் ஆண்டில் நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர் நியூயார்க்கு நகரில், வானொலி அலையால் ஒரு சிறு படகைச் செலுத்திக் கண்டோரை வியப்பில் ஆழ்த்தினார். என் பேரனிடம் இருந்த கருவியோ அகச்சிவப்புக் கதிரால் இயங்குவது. வீட்டினுள் நன்கு பணிந்த வண்டி, முற்றத்து வெயிலில் அசையாது நின்றது. கதிரவன் ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் மிகுந்து உள்ளமையால், கருவியின் மெல்லிய ஆணை அதில் மூழ்கிப் போயிற்று. அவன் தடித்த அட்டையால் ஒரு சிறு கூரை செய்து, கதிரை ஏற்கும் கண்ணின்மேல் கவித்தான். வண்டி மீண்டும் சொற்கேட்டது.

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு கரும்பாறை உள்ளது. இம்மலையின் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் வகையின, மிகக் கடினமானவை. அப்பாறையையே ஏறுமிடமாகத் தேர்ந்தான் பேரன். தோழன் ஒருவனையும் துணைக்கு அழைத்துக்கொண்டான். சேலத்திலிருந்து ஏர்க்காடு வரும் சாலையிலேதான், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை அளித்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் இருந்தது. பெரிய கருவிகள் பல கொண்டு அன்று செய்ததை, இன்று கைப்பேசி ஒன்று கொண்டு சிறுவர் செய்கின்றனர்! கைப்பேசியைச் சக்கரத்தின் உயரத்திற்குத் தாழ்த்தி வைத்தால் சிறு வண்டியும் பெரிதாகத் தோன்றும். அன்றியும், உருவில் பதினாறில் ஒரு பங்கான பொருள் தன் உயரத்திற்கேற்ற பள்ளத்தில் விழுவதற்கு நாலில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஆதலின் நொடிக்கு 120 படங்கள் எடுத்து, நொடிக்கு 30 வீதம் ஓட்டிக் காட்டினால், பொம்மையின் அசைவிலும் பெரிய சரக்கு வண்டியின் கனம் புலப்படும்.

படப்பிடிப்பு மாலையில் தொடங்கிற்று. விடிந்தால் கண்காட்சி. வண்டி பாறையின் முக்கால் பங்கு ஏறிப் பின்புறமாகக் கவிழ்ந்தது, மீண்டும் ஏறியது, மீண்டும் கவிழ்ந்தது. நான்காம் முறை அச்சு முறுக்குண்டு பயனற்றதாயிற்று. பழந்தமிழ் உமணர், உப்பு வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும்போது அச்சு முறியக்கூடும் என்று கருதி, சேம அச்சு ஒன்றை வண்டியின் கீழே கட்டிச் செல்வர். ஒளவையார் பாடிய புறநானூற்றுச் செய்தி இது. இதனை நான் முன்னரே சொல்லியிருந்தமையால், அவனும் ஓர் அச்சினை வண்டியின் அடியில் செருகி வைத்திருந்தான். அதனைப் பூட்டி மீண்டும் முயன்றான். ஏழாம் முறையும் வண்டி கவிழ்ந்தது. பொழுதும் சாய்ந்தது.

அப்போது தோழன், “மெல்லிய நூல் ஒன்றைக் கட்டி மேலிருந்து நான் இழுக்கிறேன், படத்தில் நூல் தெரியாது, யாருக்குத் தெரியப் போகிறது?” என்றான். நான் வாய் திறவாது பேரனின் முகத்தையே நோக்கியிருந்தேன். பரிசும் புகழும் ஒருபுறம். ஏழு தோல்வி மறுபுறம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்த அவன், “நூல் இழுத்தால் ஏறியது நூல்தானே? வண்டி ஏறவில்லையே! நடந்ததை நடந்தபடியே காட்டுவோம்” என்றான்.

மறுநாள் அவ்வாறே காட்டினான். வண்டி கவிழும்தோறும் மாணவர் நகைத்தனர். ஆயினும் அகன்று செல்லவில்லை. “ஏன் கவிழ்கிறது?” என்று வினவியவாறு நெருங்கி வந்தனர். அவருள் ஒரு மாணவி, “மேட்டில் ஏறும்போது சுமையை முன்னே சாய்த்தல்லவா என் தாய் நடப்பாள்? நீ கனத்தையெல்லாம் பின்னே வைத்திருக்கிறாயே!” என்றாள். அவள் தாய் காப்பித் தோட்டத்தில் பழக்கூடை சுமப்பவள். எடை மையத்தின் நேர்கீழ்க் கோடு பின் சக்கரத்திற்கு அப்பால் விழுமாயின் வண்டி கவிழும் என்னும் இயற்பியல் விதியை, அவ்வம்மையின் நடை நாள்தோறும் கடைப்பிடித்து வந்தது. பேரன் மின்கலப் பெட்டியை முன்னுக்கும் தாழ்வுக்கும் மாற்றினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாணவியும் உடன் நிற்க, வண்டி அப்பாறையின் உச்சியை அடைந்தது.

நூலால் இழுத்த படம் காட்டப்பட்டிருப்பின் கைதட்டல் கிடைத்திருக்கும். அந்த நல்லுரை கிடைத்திராது. மறைத்த குறையை மற்றவர் திருத்துதல் இயலாது. வெளிப்படையாக வைத்த குறைக்கோ மருந்து கூறுவார் பலர் வருவர். இளஞ்செல்வர்களே! நீங்கள் எதனைக் கட்டினும் கையால் கட்டுங்கள், கருத்தால் ஆராயுங்கள், கண்டதைக் கண்டவாறே காட்டுங்கள். வாய்மை என்னும் அச்சு முறியாதவரை, எத்தகைய மேட்டிலும் உங்கள் தேர் ஏறும்.